பிந்தி எழும்பும் பிள்ளைகள் சோம்பேறிகளா?

1998ஆம் ஆண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலை 7.30க்கு முதலாம் பாடம். பத்தாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவன் தினமும் மேசையில் தலையை வைத்து உறங்கிவிடுவான். இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம் பிரம்பை எடுத்தேன்.

"ராத்திரியில தூக்கமே வரல சேர். படுத்தாலும் முழிச்சிக்கிட்டேதான் கெடப்பேன். விடியக்காலைலதான் கண்ணைச் சொருகுது" என்றான். நான் நம்பவில்லை. "சோம்பேறி, நீ உருப்பட மாட்டாய்" என்று வகுப்பே கேட்கச் சொன்னேன். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே அவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். என் அடியால்தான் போனான் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டம் இருந்தது, தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போனார்கள். ஆனால் போகும்போது என் வார்த்தையையும் சேர்த்துத்தான் கொண்டு போயிருப்பான்.

இருபது வருடம் கழித்து என் மகன் உயர்தரம் படிக்கும்போது அதே கதை எங்கள் வீட்டில் நடந்தது. இரவு பன்னிரண்டு தாண்டியும் கண்ணில் நித்திரை இல்லை. சுபஹுக்கு எழுப்பினால் எழும்பி உட்காருவான், கண் திறக்காது. அவன் உம்மா தண்ணீர் தெளித்துப் பார்த்தார். ஒரு நாள் காலை அவன் அறை வாசலில் நின்றுகொண்டு அதே வசனத்தைச் சொல்ல வாய் திறந்தேன். பசறைப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் இது பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் வைத்தியர் அல்ல, ஆலிமும் அல்ல. முப்பது வருடம் காலை வகுப்புகளில் கொட்டாவிகளைப் பார்த்த ஓர் ஆசிரியன். வாசித்ததையும் கண்டதையும் நம் பெற்றாருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு

மனித மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு பகுதி ஒன்று இருக்கிறது. எப்போது நித்திரை வர வேண்டும், எப்போது உடல் சூடு கூட வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது அதுதான். அந்த மணிக்கூட்டின் ஒரு சுற்று எல்லோருக்கும் சரியாக 24 மணித்தியாலம் அல்ல. சராசரியாக அதைவிடச் சில நிமிடங்கள் கூட. ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது சரிசெய்யப்படுகிறது. இந்த மணிக்கூடு கலங்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சிலருக்கு இந்த மணிக்கூடு முந்தி ஓடும். அவர்கள் வெள்ளென எழும்புவார்கள், இஷா முடிந்ததும் கண் சொருகும். சிலருக்குப் பிந்தி ஓடும். அவர்களுடைய மூளை மாலையில்தான் தெளியும். பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். யார் எந்த வகை என்று அறிய ஹோர்ன், ஒஸ்ட்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் தயாரித்த 19 கேள்விகள் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகின்றன.

இது பரம்பரையிலும் வருகிறது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, காலை மனிதராக இருப்பதோடு தொடர்புடைய 351 இடங்களை மரபணுக்களில் அடையாளம் கண்டது. பிந்தி எழும்பும் பிள்ளையைத் திட்டும் வாப்பா, தன் குடும்பத்தில் அப்படி யார் இருந்தார் என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம். என் சாச்சா ஒருவர் இரவு முழுக்க பேக்கரியில் பாண் போடுவார், ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. பகல் வேலைக்குப் போனபோது எந்தக் கடையிலும் ஆறு மாதம் நிலைக்கவில்லை. ஊர் அவரையும் சோம்பேறி என்றுதான் சொன்னது. சுபஹ் தொழுதுவிட்டு அவர் போட்ட சூடான பாணை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது.

அடுத்தது வயது. சிறு பிள்ளைகள் காலையில் தாமாகவே எழும்பி விளையாடுவார்கள். பருவமடையும்போது உடல் மணிக்கூடு பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. ஏறத்தாழ இருபது வயதில் மிகவும் பிந்திய நிலைக்கு வந்து, பிறகு மெல்ல மெல்ல முன்னோக்கித் திரும்புகிறது. ஜேர்மனியைச் சேர்ந்த ரோனபேர்க் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2004இல் இதை எடுத்துக் காட்டினார்கள். சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழக நுழைவு எல்லாம் வருவது இதே வயதில்தான். பள்ளிவாசலில் சுபஹுக்கு முதல் ஸஃப்பில் வயதானவர்களை அதிகம் காண்பதற்கு அவர்களுடைய ஈமான் ஒரு காரணம். அவர்களுடைய வயதும் ஒரு காரணம். அல்லாஹ் அந்த வயதில் அதை அவர்களுக்கு இலேசாக்கி வைத்திருக்கிறான். பதினேழு வயதுப் பையன் அதே ஸஃப்பில் வந்து நின்றால், அவன் கடந்து வந்த தூரம் அதிகம்.

காலை மனிதர்கள்தான் நல்லவர்களா?

குணத்தைப் பற்றிய ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: காலை மனிதர்களிடம் ஒழுங்கு, பொறுப்பு, திட்டமிட்டு நடத்தல் ஆகியவை சற்று அதிகம். மாலை மனிதர்களிடம் புதியதைத் தேடும் ஆர்வம் சற்று அதிகம். இந்தத் தொடர்பு சிறியது. ஒருவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்பதை மட்டும் வைத்து அவருடைய குணத்தைச் சொல்ல முடியாது. அதோடு எது முந்தியது என்பதும் தெளிவில்லை. பொறுப்பான ஒருவர் நாளை வேலை இருக்கிறது என்று வேளைக்கே படுத்துவிடுகிறார். அவர் காலை மனிதராகத் தெரிவதற்கு அந்தப் பொறுப்பே காரணமாக இருக்கலாம்.

மனநலம் பற்றிய செய்தி இன்னும் கவலைக்குரியது. பிந்தித் தூங்குவோரிடம் மனச்சோர்வு அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. பிரித்தானியாவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆறரை வருடம் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், தீவிர மாலை மனிதர்கள் அந்தக் காலத்தில் மரணிக்கும் அபாயம் காலை மனிதர்களைவிட 10 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதை மட்டும் வாசித்தால் பயம்தான் வரும். ஆனால் பின்லாந்தில் ஏறத்தாழ 23,000 இரட்டையர்களை 37 வருடம் பின்தொடர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கேயும் மாலை மனிதர்களுக்கு 9 சதவீத அளவு அபாயம் கூடியிருந்தது. காரணத்தைத் தேடியபோது அதன் பெரும்பகுதி புகைத்தலும் மதுவும்தான் என்று தெரிந்தது. அவற்றிலிருந்து விலகி இருந்த மாலை மனிதர்களுக்கு மேலதிக அபாயம் காணப்படவில்லை.

இரவில் விழித்திருப்பவனுக்கு யார் துணை, கையில் என்ன இருக்கிறது என்பது இங்கே பெரிய கேள்வி. பிள்ளையை "நீ உதவாதவன்" என்று ஒதுக்கிவிட்டால், இரவில் அவனோடு இருக்கப்போவது சந்தியில் நிற்கும் கூட்டமும் கைத்தொலைபேசியும்தான்.

ஆய்வாளர்கள் சுட்டும் இன்னொரு காரணம், உடல் மணிக்கூட்டுக்கும் ஊர் மணிக்கூட்டுக்கும் உள்ள இடைவெளி. கிழமை நாட்களில் ஐந்து மணிக்கு எழும்பி, விடுமுறையில் பத்து மணி வரை உறங்கும் பிள்ளை, ஒவ்வொரு வாரமும் வேறொரு நாட்டுக்கு விமானத்தில் போய் வந்தவன் போலக் களைத்துப்போகிறான். அந்தக் களைப்புத்தான் எரிச்சலாகவும் கவனமின்மையாகவும் நமக்குத் தெரிகிறது.

தன்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களின் நித்திரையை இருபது நாட்கள் அளந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. 33 பேரும் ஒரே நேரத்தில் உறங்கியது மொத்தத்தில் 18 நிமிடங்கள் மட்டுமே. எப்போதும் யாரோ ஒருவர் விழித்திருந்தார். காவல் வேண்டிய காலத்தில் சிலர் முந்தியும் சிலர் பிந்தியும் உறங்குவது கூட்டத்துக்கே பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஊரிலும் காவற்காரர், தாதியர், இரவு பஸ் சாரதி, என் சாச்சா போன்றவர்கள் இல்லாமல் ஒரு நாளும் விடியாது.

மணி மாறியது, வானம் மாறவில்லை

ஊவாவின் தோட்டங்களில் பொழுது எப்போதும் மேலேயிருந்து வந்த கட்டளைதான். முன்பு விடியுமுன் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு லயமே எழும்பும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போக வேண்டும். பெண்கள் அதற்கும் முன்பே, நான்கு நான்கரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்துக்குத் தயார்படுத்த வேண்டும். பறித்த கொழுந்தை ஸ்டோரில் இரவு முழுக்க வாட்டி, விடியுமுன் குளிர் நேரத்தில் அரைப்பார்கள். ஆகவே ஒரே லயத்தில் ஒருவர் எழும்பும் நேரத்தில் இன்னொருவர் இரவு வேலை முடிந்து படுக்க வருவார். பத்தடி அறையில் ஒருவருடைய நித்திரை இன்னொருவருக்கு இடைஞ்சல். இரவு வேலை உடல் மணிக்கூட்டைக் குழப்புவது எவ்வளவு பாரதூரமானது என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. 2019இல் மீண்டும் அதை உறுதிசெய்தது.

தோட்ட மக்கள் எல்லோரும் காலை மனிதர்கள் என்று நாம் நினைப்பதுண்டு. மின்சாரம் வராத காலத்தில் அது ஓரளவு உண்மையாக இருந்திருக்கும். 2013இல் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சிலரை ஒரு வாரம் மின்வெளிச்சமே இல்லாமல் கூடாரத்தில் தங்கவைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய உடல் மணிக்கூடு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முன்னுக்கு வந்துவிட்டது. பிந்தித் தூங்குவோரும் முந்தித் தூங்குவோரும் அங்கே நெருங்கி வந்தார்கள். ஆனால் வித்தியாசம் முற்றாக மறையவில்லை. இன்று லயங்களிலும் மின்குமிழும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இருக்கின்றன. மாலை வெளிச்சம் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பெரட்டு நேரம் மட்டும் பழையபடி காலையிலேயே நிற்கிறது.

பசறைப் பிள்ளையின் கதையில் இன்னொன்றும் இருந்தது. அதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. 1996இல் மின்சார நெருக்கடி வந்தபோது, மே மாதம் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. 1998இல் எங்கள் பாடசாலை மணி 7.30க்கு அடித்தபோது, சூரியக் கணக்கில் அது பழைய 7 மணி. சூரியன் எழும் நேரம் பதுளையில் வருடம் முழுக்க இப்போதைய கணக்கில் 5.50க்கும் 6.25க்கும் இடையில்தான். அன்றைய கணக்கில் அது 6.20க்கும் 6.55க்கும் இடையில் வந்தது. மலை மறைக்கும் பள்ளங்களில் வெயில் விழ இன்னும் பிந்தும். மூன்று மைல் நடந்து வந்த அந்தப் பிள்ளை, மணிக்கூட்டைச் சரிசெய்யும் காலை வெளிச்சத்தைப் பார்க்குமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பான். 2006இல் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, இருட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் கஷ்டமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தப் பத்து வருடமும் நம் பள்ளிவாசல்களில் தொழுகை அட்டவணையின் எண்கள் மாறின. தொழுகை மாறவில்லை. பஜ்ருடைய வெள்ளை தெரிந்தபோது சுபஹ், சூரியன் சாய்ந்தபோது லுஹர். அரசாங்கத்தின் மணிக்கூடு எப்படிப் போனாலும், நம் வணக்கம் வானத்தோடுதான் போனது.

மார்க்கம் காட்டும் விரிவு

சுபஹ் தொழுகை கடமை. அதன் நேரமும் நிர்ணயமானது. அதில் காலை மனிதருக்கு ஒன்று, மாலை மனிதருக்கு ஒன்று என்று கிடையாது. காலைப் பொழுதில் தம் உம்மத்துக்கு பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததாக ஸக்ர் அல்-காமிதீ (ரழி) அறிவிக்கிறார்கள். அவர் வியாபாரி. தம் சரக்கைக் காலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார் என்றும் அந்த அறிவிப்பில் வருகிறது. பதுளை பஸாரில் சுபஹ் முடிந்த கையோடு கடை திறந்த நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது.

ஆனால் கடமையைத் தாண்டிய இடங்களில் மனிதர்களுடைய இயல்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் வித்ரைத் தொழுதுவிட்டு உறங்குவார்கள். உமர் (ரழி) அவர்கள் இரவின் கடைசியில் எழும்பித் தொழுவார்கள். நபியவர்கள் முன்னவரிடம் பேணுதலையும் பின்னவரிடம் உறுதியையும் கண்டார்கள். இருவரில் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. அபூஹுரைரா (ரழி) அவர்களுக்கு உறங்குமுன் வித்ரைத் தொழும்படி உபதேசித்தார்கள்.

இன்னொரு சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரழி) அவர்களுடைய மனைவி, தம் கணவர் சூரியன் உதித்த பின்புதான் சுபஹ் தொழுகிறார் என்று நபியவர்களிடம் முறையிட்டார். தம் குடும்பத்தாரே இப்படித்தான் அறியப்பட்டவர்கள், சூரியன் உதிக்கும் வரை தம்மால் எழும்ப முடிவதில்லை என்று ஸஃப்வான் (ரழி) சொன்னார்கள். எழும்பியதும் தொழுதுகொள்ளும்படி நபியவர்கள் சொன்னார்கள். இந்த அறிவிப்பைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. அலாரத்தை நிறுத்திவிட்டுப் புரண்டு படுக்க இது அனுமதிச் சீட்டு அல்ல. சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள். என்னைத் தொட்டது அந்த உரையாடலின் விதம். முறைப்பாடு வந்தது, காரணம் கேட்கப்பட்டது, அந்தக் காரணம் நம்பப்பட்டது. பசறையில் நான் காரணத்தைக் கேட்டேன். நம்பவில்லை.

மாற்ற முடியாததை உறுதியாகப் பிடித்துக்கொள்வதும், மாற்றக்கூடியதை ஆளுக்கேற்ப விட்டுக்கொடுப்பதும் நம் மார்க்கம் காட்டும் வழி. வீட்டிலும் பாடசாலையிலும் நாம் பல வேளைகளில் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். சுபஹுக்கு எழுப்பும்போது அன்பு காட்டுவதில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணி டியூஷனை மட்டும் பர்ளு போல நடத்துகிறோம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது வெளிச்சம். சுபஹ் தொழுததும் திரும்பிப் போய்ப் போர்வைக்குள் நுழையாமல், வெளிச்சம் வந்ததும் இருபது நிமிடமாவது முற்றத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஊவாவின் குளிரில் இது கஷ்டம்தான். ஆனால் மணிக்கூட்டை முன்னே இழுக்க இதைவிட வலுவான மருந்து இல்லை. இரவில் இதன் மறுபக்கம். இஷாவுக்குப் பிறகு வெளிச்சத்தைக் குறைத்து, கைத்தொலைபேசியைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும். பிள்ளையின் தொலைபேசி மட்டும் போதாது. வாப்பாவுடையதும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது தேத்தண்ணி. தேயிலை நாட்டில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டம். குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். படிக்கும் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு ஊற்றிக் கொடுக்கும் கடும் சாயத்தின் பாதி, நடுநிசி கடந்த பிறகும் அவனுக்குள் விழித்திருக்கிறது. நித்திரை வராத பிள்ளைக்கு அஸரோடு சாயத்தை நிறுத்துங்கள்.

மூன்றாவது கைலூலா. பகலில் இருபது நிமிடச் சிறு தூக்கம் சுன்னத்தும் ஆகும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு மருந்தும் ஆகும். விடுமுறை நாட்களில் நண்பகல் வரை உறங்க விடுவதைவிட, சுபஹுக்கு வழமை போல எழுப்பிப் பகலில் கொஞ்சம் உறங்க விடுவது மேல்.

நான்காவது பாடநேரம். மாலையில் மூளை தெளியும் பிள்ளைக்குக் கணிதத்தை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கொடுங்கள். விடியற்காலையில் ஓதுவதையும் இலேசான வாசிப்பையும் வையுங்கள். டியூஷன் ஆசிரியர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல், பதின்ம வயதினரின் பாடசாலை காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் பாடசாலைகளின் 7.30ஐ இப்போதைக்கு நம்மால் மாற்ற முடியாது. வார இறுதி வகுப்பை ஆறிலிருந்து எட்டுக்கு மாற்ற ஒரு பெற்றார் கூட்டமே போதும்.

கடைசியாக ஒன்று. பிந்தித் தூங்குவது வேறு, தூங்கவே முடியாமல் துவண்டுபோவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை எதிலும் விருப்பமில்லாமல், சாப்பாடு குறைந்து, ஆட்களைத் தவிர்த்து இருந்தால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசவும் முடியும். அதில் வெட்கம் இல்லை.

என் மகன் இன்றும் இரவு மனிதன்தான். மணிக்கூடு முற்றாக மாறவில்லை, ஆனால் ஒரு மணித்தியாலம் முன்னே வந்திருக்கிறது. சுபஹுக்கு நான் அவன் தோளில் கை வைத்து எழுப்புகிறேன். எழும்புகிறான். சில நாட்களில் ஸுஜூதில் அவன் சற்று நேரம் கூடுதலாக இருப்பதைக் காண்கிறேன். தூக்கமா, துஆவா என்று நான் கேட்பதில்லை.

பசறைப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அந்த வயதில் உடல் மணிக்கூடு முன்னுக்குத் திரும்பியிருக்கும். எங்கோ ஓர் ஊரில் அவனும் இப்போது வெள்ளென எழும்புகிறவனாக இருக்கலாம். சந்திக்கக் கிடைத்தால் ஒன்று சொல்ல வேண்டும்: அன்று நீ சொன்னது உண்மை, தம்பி. நான்தான் நம்பவில்லை.